சேலையைச் சூளையில் வைக்கலாமா? காகிதக் களிமண்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

பாட்டியின் சேலை, அப்பாவின் கடிதக்கட்டு, பள்ளிச் சீருடை, இடித்துவிட்ட வீட்டின் கதவுக் கைப்பிடி என்று சொந்த நினைவை வைத்துப் பீங்கானில் நிறுவல் கலை (இன்ஸ்டலேஷன்) செய்யக் கிளம்புகிறவர்கள் பலரும் கடைசியில் வந்து நிற்பது, காகிதக் கூழ் கலந்த மண்ணான காகிதக் களிமண்ணிடம்தான். இந்த மண்ணை நீர்க்கக் கரைத்த குழம்பில் துணியை முக்கிக் காயவைத்துச் சுட்டால் துணி எரிந்துபோகும், அதன் மடிப்பு மட்டும் பீங்கானாக நிற்கும் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் கூடவே சொல்லப்படும் ‘உடையாத களிமண்’ என்ற பெயர், சூளைக் கதவை மூடும்வரைதான் செல்லும். சுட்டு வெளியே எடுத்தபின் இது மற்றப் பீங்கானைப் போலவே உடையும். காகிதம் தாராளமாகக் கலந்திருந்தால் அதைவிட எளிதாகவே உடையும். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் இதற்கு ஈடான பொருள் இல்லை.

களிமண்ணில் நார் சேர்ப்பது புதுச் சங்கதி அல்ல. அய்யனார் கோயில் புரவிகளைச் செய்யும் வேளார்கள் மணலும் உமியும் கலந்துதான் மண்ணைப் பிசைகிறார்கள். ஆளுயரக் குதிரை காயும்போது பிளக்காமல் இருப்பதற்கும், சுடும்போது உள்ளிருக்கும் நீராவி வெளியேற வழி கிடைப்பதற்கும் அந்தக் கலவையே காரணம். காகிதக் களிமண்ணில் உமியின் இடத்தில் செல்லுலோஸ் நார் வருகிறது, அவ்வளவுதான். ஸ்டுடியோக்களில் இதைப் பரப்பியதில் 1990களில் பாடம் நடத்தியும் எழுதியும் வந்த அமெரிக்கக் கலைஞர் ரோசெட் கால்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

நார் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, காய்ந்த மண்ணுக்குள் வலைபோல் பின்னிக்கிடந்து இழுவிசையைத் தாங்குகிறது. 3 மி.மீ. தகட்டைக் காய்ந்தபின் கையில் தூக்கிச் சூளைவரை கொண்டுபோகலாம். சாதாரணப் போர்சலினில், அதாவது நார் சேராத வெண்பீங்கான் மண்ணில், அது பாதி வழியிலேயே உடைந்திருக்கும். இரண்டாவது வேலைதான் முக்கியம். நார் தண்ணீரை உறிஞ்சி உள்ளே கடத்துவதால், நன்றாகக் காய்ந்த துண்டின்மேல் ஈரத்துண்டை ஒட்டலாம். விரிசல் விட்டால் அந்த இடத்தை நனைத்து, குழம்பைத் திணித்து, மறுநாள் பார்த்தால் மூடியிருக்கும். சாதாரணக் களிமண்ணில் ஈரப்பக்கம் சுருங்கும், காய்ந்த பக்கம் சுருங்காது. ஒட்டு அப்படியே கழன்றுவிடும். நூறு துண்டுகளைத் தனித்தனியாகச் செய்து, அவசரமில்லாமல் பிறகு சேர்க்க வேண்டிய நிறுவல் வேலைக்கு இந்த ஒரு குணமே போதுமான காரணம்.

இனி பை வாங்குவதா, வீட்டில் கலப்பதா என்ற கேள்வி. ஆயத்த காகிதப் போர்சலின் பிளாஸ்டிக் பையில் ஈரமாக வரும். பிசையும் பதத்தில் உள்ள எந்தக் களிமண்ணிலும் எடையில் 20 முதல் 25 சதவீதம் தண்ணீர். 12.5 கிலோ பையை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் ஏறக்குறைய 3 கிலோ தண்ணீருக்கும் சேர்த்துச் சரக்குக் கட்டணம் கட்டுகிறோம். பதிலுக்குக் கிடைப்பது நீளமான, ஒரே சீரான நார். பெரும்பாலும் ஆளி நார் அல்லது பஞ்சு நார். தகடு தேய்க்கும்போது கட்டி தட்டாது, விளிம்பு பிசிறாது. மெல்லிய கிண்ணம், பூவிதழ், ஒளி ஊடுருவும் தகடு செய்ய இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். துணி முக்கும் வேலைக்குத் தெரியவே தெரியாது. அதற்கு ஆயத்தப் பை வாங்குவது வீண் செலவு.

வீட்டுக் கலவைக்கு நிதானமான கணக்கு இது. உலர்ந்த போர்சலின் அல்லது வெள்ளை ஸ்டோன்வேர் (உயர்வெப்பத்தில் கல்போல் இறுகும் மண்) பொடி 5 கிலோ, தண்ணீர் நாலரை லிட்டர். ஓர் இரவு ஊறி, அங்குலத்துக்கு 60 அல்லது 80 கண் உள்ள சல்லடையில் வடித்தால் சுமார் ஆறரை லிட்டர் குழம்பு வரும். இதற்குக் கையால் பிழிந்த காகிதக் கூழ் ஒன்றரை லிட்டர். உலர்ந்த காகிதக் கணக்கில் 150 கிராமுக்குச் சற்றுக் கூட. கழிப்பறைக் காகிதம்தான் உத்தமம், வெந்நீரில் சில நிமிடத்திலேயே கரைந்துவிடும். சமையலறைத் துடைப்புக் காகிதம் வேண்டாம்: ஈரத்தில் கிழியாமலிருக்க அதில் பிசின் சேர்த்திருப்பார்கள், எவ்வளவு அரைத்தாலும் துணுக்குத் துணுக்காகவே நிற்கும். பளபளப்பான வாரப் பத்திரிகைத் தாளும் ஆகாது. அதில் பூசியிருக்கும் சுண்ணாம்புப் பொருள் உயர்வெப்பத்தில் மண்ணை இளக்கும். களிமண்ணின் சுபாவமே மாறிவிடும். முட்டை அட்டை நல்ல கூழ் தரும், ஆனால் சொரசொரப்பு. சிற்பத்துக்குச் சரி, இதழுக்கு ஆகாது.

டிரில்லில் மாட்டும் பெயிண்ட் கலக்கியால் அடித்து, தோசை மாவுப் பதம் வந்ததும் நிறுத்தலாம். கூழைக் கூட்டக்கூடாது. மொத்தக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் சுடுமுன், பச்சையில் அற்புதமாக இருக்கும். சுட்டபின் ரஸ்க்போல் துளைத்துளையாகி விரலுக்கே உதிரும். முதல்முறை செய்பவர்கள் செய்யும் தவறுகளில் இதுவே தலையாயது. பச்சையில் கிடைக்கும் பலத்தைப் பார்த்து மயங்கி இன்னொரு கைப்பிடி கூழைப் போடுகிறார்கள்.

நம் ஊர் வெயிலில் ஈரக் கலவை ஒரு வாரத்திலேயே நாறும், கரும்பூஞ்சை பிடிக்கும். நாறினாலும் மண் கெடாது, ஆனால் நார் நைந்து பலம் குறையும். பூஞ்சையைக் கையில் பிசைவது நுரையீரலுக்கும் தோலுக்கும் நல்லதல்ல. வாளிக்குச் சில துளி பிளீச் விட்டால் சில நாள் தள்ளும். ஒழுங்கான வழி, மிச்சக் குழம்பைப் பிளாஸ்டர் பலகையில் ஊற்றி மெல்லிய தகடாகக் காயவைத்து அடுக்கிவிடுவது. காய்ந்த தகடு ஆண்டுக்கணக்கில் கெடாது. வேண்டும்போது உடைத்து ஊறவைத்தால் மறுபடி குழம்பு. ஆயத்தப் பை வாங்குபவர்கள் கடையிலேயே அதைத் திறந்து முகர்ந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

துணிக்கு வருவோம். எந்தத் துணி என்பதில்தான் பாதி வெற்றி. பருத்தி, லினன், சணல் எல்லாம் குழம்பை உறிஞ்சும், சுத்தமாக எரியும். பாலியஸ்டர் குழம்பை ஏற்காது. உருகிச் சொட்டி, மூச்சுக்கு ஆகாத புகை விடும். கலப்புத் துணியா என்று சந்தேகமிருந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் கறுத்த உருண்டையாகும். பட்டு எரியும், ஆனால் நெருக்கமான நெசவு. குழம்பு ஊடுருவாமல் இரு பக்கமும் தனித்தனித் தோலாக நிற்கும். நடுவிலிருந்த துணி எரிந்ததும் இடைவெளி விழுந்து இரண்டும் பிரிந்து உதிரும். மல், காடா, பழைய வேட்டி போன்ற தளர்ந்த நெசவில் குழம்பு கண்களின் வழியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கைகோத்துக்கொள்ளும். ஜரிகை இருந்தால் இன்னொரு தொல்லை. அதிலுள்ள வெள்ளி 962 டிகிரியிலும் செம்பு 1085 டிகிரியிலும் உருகும். செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ கறை விடும். கறையே வேண்டுமென்றால் வையுங்கள், வேண்டாமென்றால் கரையை வெட்டிவிடுங்கள். கஞ்சி போட்ட துணியை முதலில் அலச வேண்டும். பிளாஸ்டிக் பொத்தானையும் அகற்றிவிட்டு அதன் அச்சைக் களிமண்ணில் எடுத்துப் பொருத்தலாம்.

முதல் பூச்சு நீர்க்க, தூரிகையால். தையல், மடிப்பு ஓரம், இழையோட்டம் எல்லாம் பதிவது இந்தப் பூச்சில்தான். அதன்மேல் மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் பளபளப்பு அடங்கிய பிறகு. மொத்தக் கனம் 2 முதல் 3 மி.மீ. ஒரு மி.மீ.க்குக் கீழே போனால் துணி எரிந்ததும் ஓடு தாங்காது, 4 மி.மீ. போனால் தையல் மூழ்கி, சட்டை பொம்மைச் சட்டையாகிவிடும்.

எடையை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலையின் பரப்பு ஏறத்தாழ 6.3 சதுர மீட்டர். இரண்டரை மி.மீ. கனத்துக்கு 16 லிட்டர் பருமன், 30 கிலோவுக்குக் குறையாத எடை. நடுத்தர ஸ்டுடியோ சூளையின் உள்ளகலம் 45 முதல் 60 செ.மீ.தான். முழுச் சேலை என்ற கனவை அங்கேயே மடித்து வைத்துவிட்டு முந்தானையை மட்டும் எடுத்தால், ஐந்தாறு கிலோவில் மடிப்போடு ஒரே சுடலில் முடியும். சுருக்கமும் உண்டு: போர்சலின் மொத்தத்தில் 12 சதவீதம்வரை சுருங்கும், காகிதம் அதைப் பெரிதாகத் தடுக்காது. 40 செ.மீ. நீளமுள்ள குழந்தைச் சட்டை 35 செ.மீ. சட்டையாகத் திரும்பி வரும். பக்கத்தில் நிஜப் பொருளையும் வைக்கும் திட்டமென்றால் இது உறுத்தும்.

ஒரிஜினல் துணியை எரிக்கலாமா என்பது அவரவர் முடிவு. முதல் மூன்று துண்டாவது அதே நெசவுள்ள வேறு துணியில் செய்து பார்க்காமல் பாட்டி சேலையைத் தொடுவது அடாவடி.

கடிதங்களுக்கு இந்தப் பொருள் ஏமாற்றம்தான். தாளை முக்கிச் சுட்டால் தாளின் வடிவம் மிஞ்சும், பேனா மை முழுதும் போய்விடும். எழுத்து வேண்டுமென்றால் வேறு வழிதான். செய்தித்தாளில் அண்டர்க்ளேஸால் (க்ளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் தீட்டும் நிறக் குழம்பு) எழுதி, மேலே குழம்பு பூசி, மண் தகட்டில் கவிழ்த்துத் தேய்த்து உரிக்கலாம். அச்சு இடவலம் மாறும் என்பதால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி எழுதத் தெரிய வேண்டும். புகைப்படத்துக்கும் கையெழுத்துக்கும் லேசர் டெக்கால் (லேசர் பிரிண்டரில் அச்சிட்டுப் பீங்கானில் ஒட்டும் படம்) கச்சிதம். சில கறுப்பு-வெள்ளை லேசர் பிரிண்டர்களின் டோனரில் இரும்பு ஆக்சைடு கணிசமாக உண்டு. தண்ணீரில் நனைத்தால் படம் நழுவி வரும் டெக்கால் தாளில் அச்சிட்டு, க்ளேஸ் போட்டுச் சுட்ட பரப்பில் ஒட்டி, 1060 டிகிரியை ஒட்டி மறுபடி சுட்டால் பிளாஸ்டிக் எரிந்து இரும்பு மட்டும் க்ளேஸில் பதியும். பழைய ஆல்பத்துப் படம்போல் பழுப்பாக வரும். கலர் டோனர் தடயமின்றி மறைந்துவிடும். எல்லாக் கறுப்பு டோனரிலும் இரும்பு இருக்காது; வாங்குமுன் அந்தக் கார்ட்ரிட்ஜின் பாதுகாப்புத் தகவல் தாளில் இரும்பு ஆக்சைடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டெக்காலுக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அந்த இடத்தில் முகம் ஓட்டையாகிவிடும்; ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும்.

டிபன் கேரியர், டபரா, சாவி போன்ற கூர்மையான வடிவங்களுக்கும் காகிதக் களிமண் வேண்டாம். நார் விளிம்பை மழுக்கும். பிளாஸ்டர் அச்செடுத்துச் சாதாரண வார்ப்புக் குழம்பு ஊற்றுவதே சுத்தம். சீனக் கலைஞர் அய் வெய்வெய்யின் சூரியகாந்தி விதைகளைப் பாருங்கள். அவருடைய இளமைக்கால சீனாவில் மாவோ சூரியன், மக்கள் சூரியகாந்தி. வறுமைக் காலத்தில் பகிர்ந்து கொறிக்க இருந்ததும் அதே விதை. அந்த நினைவிலிருந்து 2010-ல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் விரித்த 10 கோடி விதைகளும் சாதாரணப் போர்சலின்தான்: சீனாவின் பீங்கான் நகரமான சிங்டெசென்னில் 1,600 பேர் கையால் தீட்டிச் சுட்டவை. சின்ன, கெட்டியான துண்டுக்கு நார் எதற்கு? அந்த வேலையில் சறுக்கியது பொருளின் பலமல்ல, தூசி. பார்வையாளர்கள் மேலே நடக்கலாம் என்று திறந்த சில நாளிலேயே, விதைகள் உரசிக் கிளம்பிய பீங்கான் தூசி மூச்சுக்குக் கேடு என்று நடப்பதை நிறுத்திவிட்டார்கள். காகிதக் களிமண் காய்ந்தபின் உப்புத்தாளுக்கு இதமாக இழையும், அதனால் தேய்க்கக் கை துறுதுறுக்கும். அந்தத் தூசியிலும் இருப்பது மூச்சுக்குக் கேடான அதே சிலிக்காதான். ஈரப் பஞ்சால் துடைத்துச் சமப்படுத்துங்கள். தேய்த்தே ஆகவேண்டுமென்றால் முகக்கவசத்தோடு வெளியில். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

சுடுவது இந்தப் பொருளின் உண்மையான சோதனை. காகிதமும் துணியும் 230 டிகிரி அளவில் பற்றி 500 வரை எரியும். அடுக்குமாடி வீட்டில் மின்சூளை வைத்திருப்பவர்கள் இதைச் சுட நினைக்கவே வேண்டாம், அந்தப் புகைக்கு அக்கம்பக்கத்தார் தீயணைப்பு வண்டியை அழைப்பார்கள். திறந்த கொட்டகையில், சூளையின் மேல்துளையை 600 டிகிரிவரை திறந்து வைத்து, மணிக்கு 60 டிகிரி வீதம் ஏற்றுங்கள். அவசரப்பட்டால் கரி முழுதாக எரியுமுன் மேற்பரப்பு மூடி, உள்ளே கறுத்த நடுப்பகுதி நிற்கும். இரும்புள்ள மண்ணில் அது பின்னால் கொப்புளமாக உப்பும். துளை மூடியிருந்தால் சூளைக் கம்பிச் சுருளின் ஆயுளும் குறையும்.

600 தாண்டியதும் மணிக்கு 100 முதல் 150 டிகிரி போகலாம். பலரும் வழக்கப்படி 1000 டிகிரியில் பிஸ்க் (க்ளேஸுக்கு முந்தைய முதல் சுடல்) சுட்டு நிறுத்துகிறார்கள். காகிதக் களிமண் எதற்கும் உதவாத நிலை அதுதான்: நார் எரிந்துவிட்டது, மண் இன்னும் இறுகவில்லை. துணி எரிந்து மிஞ்சும் ஓடு, அந்த நிலையில் தூக்கி க்ளேஸில் முக்கினால் கையிலேயே நொறுங்கும். ஒரே சுடலில் 1180 முதல் 1200 டிகிரிவரை கொண்டுபோய் க்ளேஸ் இல்லாமல் விடுவதே துணி வேலைக்குப் பொருத்தம். போர்சலினின் முழு வெப்பமான 1260-க்கும் 1280-க்கும் இழுத்தால் இன்னும் இறுகும், ஒளியும் கசியும்; ஆனால் மடிப்புகள் இளகித் தொங்கி, காலையில் திறந்தால் சட்டை படுத்திருக்கும். உள்ளே செராமிக் ஃபைபர் கம்பளித் துண்டுகளைத் திணித்தும், அடியில் ஒட்டாமலிருக்க அலுமினாப் பொடி தூவியும் தாங்கல் கொடுக்க வேண்டும். தொங்கும் மடிப்புக்குத் தூக்குக் கம்பி வெப்பம் தாங்கும் நிக்கல்-குரோமியக் கலவையான நிக்ரோமாகத்தான் இருக்கலாம். சாதாரண இரும்புக் கம்பி செதில் விட்டுக் கறையாக்கும்.

சொந்தச் சூளை இல்லாதவர்கள் கூலிக்குச் சுடக் கொடுக்கும்போது உள்ளே துணியோ காகிதமோ இருப்பதை மறைக்கக் கூடாது. தெரிந்தால் தனிச் சுடலுக்குக் கூலி கூடும்; மறைத்தால் அதே சூளையில் இருக்கும் மற்றவர் பாண்டங்களுக்குப் புகைக்கறை. 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியால் ஸ்டோன்வேர் வேரூன்றிய ஊர் புதுச்சேரி. உயர்வெப்பச் சூளை தேடுபவர்கள் புதுச்சேரி, ஆரோவில் பக்கத்திலிருந்து விசாரிக்கத் தொடங்கலாம். எரிவாயு சூளையென்றால் 600 டிகிரிவரை காற்று தாராளமாக வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

தொங்கவிடுவதைத் திட்டத்தின் கடைசியில் வைத்துக்கொள்வது வழக்கம்; முதலில் வைக்க வேண்டியது அது. 30-க்கு 30 செ.மீ., 3 மி.மீ. தகடு ஒன்று 270 கன செ.மீ., சுட்டபின் அரைக் கிலோவுக்குக் குறையாது. 200 தகடு தொங்கவிட்டால் 100 கிலோ. ஜிப்சம் பொய்க்கூரை இதைத் தாங்காது, கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் அடித்து இரும்புச் சட்டம் இறக்க வேண்டும். தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அது பாரத்தில் மெல்ல நீளும், வெயில் பட்டால் நொறுங்கும். ஒரு மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கயிற்றின் கண்ணியைச் சிறு உலோகக் குழலுக்குள் நுழைத்து, குழலை நசுக்கி இறுக்குவது உத்தரவாதம். துளையைப் பச்சையிலேயே போடுங்கள், சுருக்கத்துக்கு இடம் விட்டு, விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி. துளைக்குள் சிறு சிலிக்கான் குழாயைச் செருகினால் கம்பி பீங்கானை அரிக்காது. மறந்துபோய்ச் சுட்டுவிட்டால் வைர டிரில் பிட், தண்ணீருக்கடியில், அழுத்தாமல்.

சுடாமலே வைக்கும் வழியும் உண்டு. பிரிட்டிஷ் பீங்கான் கலைஞர் எட்மண்ட் டி வால் 2019-ல் வெனிஸில் நிறுவிய ‘லைப்ரரி ஆஃப் எக்ஸைல்’ அறையின் வெளிச்சுவர்களில் பூசியது திரவப் போர்சலின். அதில் உலகம் இழந்த நூலகங்களின் பெயர்களை எழுதினார். நாஜிகளிடம் வீட்டையும் நூலகத்தையும் பறிகொடுத்த வியன்னாக் குடும்பத்தின் வாரிசு அவர். சுவரில் பூசும் இந்த வகை வேலைக்குக் காகிதம் கலந்த குழம்பு சாதாரணக் குழம்பைவிட நன்றாகப் பிடிக்கும். காயும்போது வெடிப்பதும் குறைவு. கண்காட்சி முடிந்ததும் ஈரப்பஞ்சால் துடைத்தெடுத்து வாளியில் கரைத்துவிடலாம். மழைச்சாரல் படும் திண்ணையிலோ முற்றத்திலோ மட்டும் வேண்டாம், ஒரே இரவில் வழிந்துவிடும்.

மொத்தத்தில் யாருக்கு எது? துணி, சுவர், ஆளுயரச் சிற்பம், பாகம் பாகமாகச் சேர்க்கும் வேலை என்றால் வீட்டுக் கலவை, தயங்காமல். ஒளி கசியும் மெல்லிய தகடு, இதழ் என்றால் ஆயத்தப் பைக்குச் செலவழிக்கலாம். கடிதமும் புகைப்படமும் என்றால் சாதாரணப் போர்சலின் தகடும் டெக்காலும். அச்சு வார்ப்பு என்றால் வார்ப்புக் குழம்பு. பார்வையாளர் கைவைக்கும் இடம், குழந்தைகள் ஓடும் கூடம் என்றால் எதுவானாலும் 1200 டிகிரிக்குக் கீழே நிறுத்தாதீர்கள். காகிதக் களிமண்ணை அங்கே கொண்டு போகவே வேண்டாம்.

எதைச் செய்தாலும் பத்துக்கு இரண்டு உபரித் துண்டு சுட்டு வையுங்கள். அனுப்பும்போது ஒவ்வொரு துண்டையும் அதன் வடிவத்துக்கே வெட்டிய பஞ்சு நுரையில் படுக்கவையுங்கள். குமிழிப் பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுற்றினால் துணி மடிப்பின் நுனிகள்தான் முதலில் போகும். உடைந்ததை ஒட்டுவதற்கு எபாக்ஸியை எடுக்குமுன் யோசிக்கவும், அதைத் திரும்பப் பிரிப்பது பெரும்பாடு. அருங்காட்சியகங்களில் பயன்படும் பாரலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பசை அசிட்டோனில் கரையும். கோணலாக ஒட்டிவிட்டாலும் கழற்றி மறுபடி ஒட்டலாம். துளைகள் அதிகமுள்ள காகிதப் பீங்கான் அதைக் குடித்துவிடும். அதனால் உடைந்த முகங்களில் முதலில் நீர்த்த கரைசலை ஒருமுறை பூசிக் காயவிட்டு, அதன்பின் கெட்டியானதைப் பூசுங்கள். தலைக்குமேல் தொங்கும் துண்டுக்கு மட்டும் ஒட்டு வேலை கூடாது. உபரியை மாட்டுங்கள்.